இரண்டு அட்டைத் துண்டுகள்

எடமலைப்பட்டி புதூர், திருச்சி
18.11.2024

அன்புள்ள தம்பி நவநீதனுக்கு,

அக்கா வேணி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உன் கால் புண் ஆறியதா, உன் பெண் சுபஸ்ரீக்கு வரன் ஏதும் அமைந்ததா என்று எழுது. வேலை மாறி மதுரைக்குப் போனதிலிருந்து உன் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு கோர்ட் அமீனா வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பிச்சமுத்து. நமக்கு இந்த மனையை விற்ற ஸ்ரீரங்கம் ரெங்கம்மாளின் கொழுந்தன் மகன்தான். பக்கத்து வீட்டு லிசி வந்து பேப்பரைப் படித்து, என் காதருகே கத்திச் சொன்னாள். பிச்சமுத்துக்கும் ரெங்கம்மாளுக்கும் நடந்த வழக்கில் சமாதானமாகி, இந்த இடம் அவனுக்கு என்று டிக்ரி ஆகியிருக்கிறதாம். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டுமாம்.

நான் உள்ளே போய் 2009-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினேன். அமீனா நல்ல மனுஷன், உட்கார்ந்து முழுவதும் படித்தார். "உங்க பத்திரம் சரியா தப்பான்னு பாக்குறது என் வேலை இல்லம்மா. கோர்ட்டுல போய்ச் சொல்லுங்க" என்றார். மறுப்புத் தெரிவித்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிச்சமுத்து என் முருங்கை மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

அந்த டிக்ரியில் என் பெயரே இல்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உன் மாமா தொழிற்சாலையில் ரிடையர் ஆகி வந்த பணத்தில் வாங்கிய இடம். பத்திரம் எழுதியது நீ. முப்பது வருஷம் திருச்சியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நீ. நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று வழக்கம்போல் உன் அட்டைத் துண்டில் வரிசையாக எழுதி அனுப்பு. போனில் சொன்னால் லிசிதான் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டு விஷயம் நம்மோடு இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா வேணி

*

மதுரை
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நவநீதன் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கோர்ட்டில் வேலை அதிகம், அதனால் தாமதம். கால் புண் காயவில்லை, சுபஸ்ரீக்கு இரண்டு ஜாதகம் வந்திருக்கிறது. நீங்கள் காது டாக்டரிடம் போனீர்களா?

பயப்பட வேண்டாம். முதலில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுங்கள். அப்புறம் போலீசில் நில அபகரிப்புப் பிரிவில் ஒரு மனு. என்னென்ன இணைக்க வேண்டும் என்று தனித் துண்டில் எழுதி இந்தக் கடிதத்தோடு ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன்.

கோர்ட்டுக்கு இப்போது போக வேண்டாம். நீங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை, வெளி ஆள். வெளி ஆளுக்கு வழக்குக் கட்டின் நகல் கொடுக்க மாட்டார்கள். நகல் இல்லாமல் உள்ளே போனால் இருட்டில் கை விடுவது போலத்தான்.

இன்னொன்று. மனுவில் மோசடி என்ற வார்த்தையை எழுதிவிடாதீர்கள். நான் எத்தனையோ மனு தள்ளுபடி ஆனதைப் பார்த்திருக்கிறேன். மோசடி என்று எழுதினால் யார் செய்தது, எந்தத் தேதியில், எப்படி என்று மூன்றையும் எழுத வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஜட்ஜ் கேட்க மாட்டார். உங்களுக்கு அதில் என்ன தெரியும்? தெரியாததை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி நவநீதன்

*

எடமலைப்பட்டி புதூர்
16.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. பஸ் பார்சலில் நீ அனுப்பிய கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்தன. எனக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் பொங்கல் சீர் நீ கையில் கொண்டுவராமல் பார்சலில் வந்தது இதுதான் முதல் தடவை. கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் என்ன சொல்கிறார்?

நீ சொன்னபடி மூன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, மனு கொடுத்து, ரசீதும் வாங்கினேன். பதில் போன வாரம் வந்தது. இரண்டு வரி. விஷயம் நீதிமன்றத்தில் இருப்பதால் அங்கேயே பரிகாரம் தேடிக்கொள்ளவும். போலீசிலும் அதையே வாயால் சொன்னார்கள். அமீனா மார்ச்சில் போலீசோடு வருவார் என்று லிசி விசாரித்துக்கொண்டு வந்தாள்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. ரெங்கம்மாள் எதற்காகச் சமாதானத்துக்குப் போனார்? நமக்கு விற்ற பிறகு பதின்மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் தகராறு இல்லை. கடைசியில் பிச்சமுத்து அவரைக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். அங்கேயே இறந்தார். அம்மா மண்டபத்தில் நடந்த காரியத்துக்கு நான் போனேன். ஆனி மாதம், நல்ல காற்று, படித்துறையில் யார் வேட்டியும் இடுப்பில் நிற்கவில்லை. உனக்கும் பத்திரிகை வந்தது, கோர்ட் இருக்கிறது என்று நீ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோர்ட் ஏது என்று அன்றைக்கே கேட்க நினைத்தேன், விட்டுவிட்டேன்.

சமாதானம் எந்தத் தேதியில் நடந்தது என்று உன்னால் விசாரிக்க முடியுமா? பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்ட் வருகிறது என்று ஆனதிலிருந்து இங்கே எல்லோருக்கும் நிலத்தின் மேல்தான் கண். எனக்கு இந்த இரண்டு அறையும் முருங்கை மரமும் போனால் வேறு இடம் இல்லை.

அக்கா வேணி

*

மதுரை
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். காலில் மறுபடி சீழ் வைத்துக் கீறிவிட்டார்கள். பத்து நாள் லீவு. அதனால்தான் பதில் எழுதவில்லை.

சமாதானத் தேதி எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் வழியில்லை. அங்கே நான் வேலை பார்த்த சீனியர் அய்யாவும் போன வருஷம் காலமாகிவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் தனியாக ஒரு வழக்குப் போடுங்கள். அந்த டிக்ரி செல்லாது என்று கேட்டுப் போடலாம். ஐந்தாறு வருஷம் ஆகும், ஆகட்டும். அய்யாவுக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார், நிதானமானவர். பெயரும் விலாசமும் துண்டில் எழுதி அடித்திருக்கிறேன். வேறு யாரிடமும் போக வேண்டாம்.

காரியத்துக்குப் போனதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மாதம், கிழமை என்று நீங்கள் ஞாபகத்திலிருந்து சொல்வீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே நாலு கேள்வி கேட்டால் குழம்பிப் போவீர்கள். காது வேறு கேட்காது.

சுபஸ்ரீ உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி நவநீதன்

*

எடமலைப்பட்டி புதூர்
10.3.2025

தம்பி நவநீதனுக்கு,

நலம். உன் கால் குணமாக வேண்டும் என்று சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்ன வக்கீலிடம் நான் போகவில்லை. கோபப்படாதே. ஐந்தாறு வருஷம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு லிசி சிரித்தாள். "அக்கா, மார்ச்சுல அமீனா வராரு. அஞ்சு வருஷம் கழிச்சு கேஸ் ஜெயிச்சு, எந்த வீட்டுல உக்காந்து தீர்ப்பைப் படிப்பீங்க?" என்றாள். அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வழக்கு நடத்திய வக்கீலம்மா ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பெயர் அரவிந்தவல்லி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் ஒன்றாம் நம்பர் பஸ் மாறிப் போனோம். சித்திரை வீதியில் வீடு, முன் அறைதான் ஆபீஸ்.

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அந்த அம்மா ஒரு நோட்டை எடுத்து, பேசப் பேச எழுதியும் காட்டினார். அவர் சொன்னது இது. தனி வழக்கு இப்போது வேண்டாம். டிக்ரியை நிறைவேற்றக் கேட்டிருக்கும் அதே கோர்ட்டில், அதே மனுவில், வெளி ஆளும் ஆட்சேபம் சொல்லலாம். என் இடம், என் பத்திரம், நான் குடியிருக்கிறேன், இந்த டிக்ரி என்னைக் கட்டாது என்று. ஜட்ஜ் அதை ஒரு வழக்கைப் போலவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து நம்மை இறக்குவதற்கு முன்னால் சொன்னால் பலம் அதிகம். இறக்கிய பிறகும் சொல்லலாம், அப்போது தெருவில் நின்று சொல்ல வேண்டும்.

நகல் கிடைக்காதாமே என்று கேட்டேன். "யார் சொன்னா? வெளி மனுஷா ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு, ஏன் வேணும்னு காரணம் சொல்லிக் கேட்டா கோர்ட் கொடுக்கும். இதைச் சொன்னவர் யாரு?" என்றார். என் தம்பி, முப்பது வருஷம் குமாஸ்தா என்றேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

நாலாம் தேதி ஆட்சேபம் போட்டாயிற்று. அது முடியும் வரை வீட்டில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. நகலுக்கும் மனு போட்டிருக்கிறோம்.

உனக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அக்கா வேணி

*

மதுரை
14.3.2025

அக்காவுக்கு,

நகல் மனுவை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். கட்டுக்குள் இருப்பதை வெளியே எடுத்தால் எதிர்த்தரப்பு உஷாராகிவிடும். நான் பிச்சமுத்துவிடம் பேசிப் பார்க்கிறேன். வீட்டுக்குப் பதில் ஏதாவது வாங்கித் தருகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் லிசியை விட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

நவநீதன்

*

எடமலைப்பட்டி புதூர்
2.5.2025

தம்பி நவநீதனுக்கு,

நான் நலம். உன் போன கடிதத்தில் கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை, நான் எப்படி இருக்கிறேன் என்றும் கேட்கவில்லை. அவசரத்தில் எழுதியிருப்பாய். லிசியைப் போன் செய்யச் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் நகல் வந்தது. மொத்தம் இருபத்தாறு பக்கம். ஒரு வாரமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன். ரெங்கம்மாளின் புருஷன் உயில் எழுதி இடத்தைப் பிச்சமுத்துக்குக் கொடுத்துவிட்டாராம். அதனால் தனக்கு விற்க உரிமையே இல்லை என்று ரெங்கம்மாள் ஒப்புக்கொள்கிறாராம். நமக்கு விற்றபோது முத்து முத்தாகப் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டவர், இதில் கைரேகை வைத்திருக்கிறார்.

நாலெல்லையைப் படித்தேன். தெற்கே "முக்கில் கிணற்றை மூடிய மேட்டுக்குப் போகும் பொதுச் சந்து" என்று இருக்கிறது. நம் பத்திரத்திலும் அட்சரம் பிசகாமல் அதேதான். 2009-இல் நீ சந்தில் நின்று எழுதிய வாசகம். அந்த மேட்டை இப்போது யாருக்கும் தெரியாது. சமன் செய்து பன்னிரண்டு வருஷமாகிறது.

சமாதான மனுவின் தேதி 18.7.2022. கைரேகைக்குக் கீழே, வைத்தவரை எனக்குத் தெரியும் என்று அடையாளம் காட்டி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வக்கீலம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பெயர் படிக்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா என்று என்னைக் கேட்டார். நான் காது கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ஆனி மாதம் காரியம் நடந்தது. சமாதானம் ஆடியில். அப்படியானால் செத்தவர் கைரேகை வைத்திருக்கிறார். ஆனால் இறப்பைப் பிச்சமுத்து பதிவு செய்யவில்லை. பெரியம்மா செத்தது புரட்டாசியில் என்று சாதிக்கிறான். அவன் ஊர்க்காரர்கள் யாரும் அவனுக்கு எதிராக வாய் திறக்க மாட்டார்கள். ஞாபகம் போதாது, காகிதம் வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. காகிதம் என்றால் காரியப் பத்திரிகை ஒன்றுதான். கருப்புக் கரை போட்டது. அதை யார் வீட்டுக்குள் வைப்பார்கள்? நானே வாசலில் நின்று படித்துவிட்டுக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அம்பது வீட்டுக்குப் போயிருக்கும், அம்பது பேரும் அதையேதான் செய்திருப்பார்கள்.

உனக்கும் வந்ததே. உன்னிடம் இருக்கிறதா? யோசித்துப் பதில் எழுது.

அக்கா வேணி

*

மதுரை
30.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கால் தேவலை. உங்கள் உடம்பு எப்படி? வெயில் நேரத்தில் ஸ்ரீரங்கத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம்.

நல்ல செய்தி. சுபஸ்ரீக்கு ஆவணி பன்னிரண்டாம் தேதி கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை திருவெறும்பூர் பக்கம், கவர்மெண்ட் உத்தியோகம், கௌரவமான குடும்பம். சம்பந்தி விசாரித்துத்தான் பெண் எடுக்கிறார். கோர்ட்டில் இருப்பவர்கள் வீட்டுப் பெண் என்பதில் அவருக்குப் பெருமை. அம்மா இல்லாத பெண்ணுக்கு அத்தைதான் அம்மா. நீங்கள்தான் முன்னால் நின்று எல்லாம் செய்ய வேண்டும். முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்.

நீங்கள் கேட்டது என்னிடம் இல்லை. அந்த மாதிரிப் பத்திரிகையை யார் வைத்திருப்பார்கள்? அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன். வைத்திருந்தால் தரமாட்டேனா.

உங்கள் தம்பி நவநீதன்

*

எடமலைப்பட்டி புதூர்
12.6.2025

நவநீதனுக்கு,

சுபஸ்ரீ கல்யாணச் செய்தி படித்து அழுதேன். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான்.

போன திங்கட்கிழமை வக்கீலம்மா ஒன்று கேட்டார். டிக்ரி விஷயம் எனக்கு எப்போது தெரிய வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். தெரிந்தும் சும்மா இருந்தாள் என்பார்கள். நவம்பரில்தான் தெரியும் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். என் தம்பியின் கடிதங்கள் இருக்கின்றன என்றேன். தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்து அடுக்கினேன். துண்டுகளை நீ எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி கடிதத்தோடு அடித்திருந்தாய். ஃபைலில் மடங்கக் கூடாது என்று ஸ்டேப்ளர் பின்னை அரிவாள்மனை நுனியால் நெம்பி எடுத்தேன். டிசம்பர் துண்டு கை தவறிக் கீழே விழுந்தது, பின்பக்கம் மேலே இருந்தது. கருப்புக் கரை. "அம்மா மண்டபம் படித்துறையில் நடைபெறும். இப்படிக்கு, பிச்சமுத்து" என்றிருந்தது. பிப்ரவரித் துண்டைத் திருப்பினேன். "ரெங்கம்மாள் அவர்கள் 11.6.2022 சனிக்கிழமை இயற்கை எய்தினார். காரியம் 26.6.2022 ஞாயிற்றுக்கிழமை." இரண்டையும் தரையில் வைத்து ஒட்டிப் பார்த்தேன். நீ ஸ்கேல் வைத்து வெட்டிய இடம் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது.

கல்யாணப் பத்திரிகையோ காதுகுத்துப் பத்திரிகையோ, பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பாதியாக வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டு, வாய்தா தேதி எழுதுவாய். சின்ன வயதில் என் கல்யாணப் பத்திரிகையையே அப்படி வெட்டி அம்மாவிடம் அடி வாங்கினாய். எல்லோரும் தீட்டு என்று கிழித்துப் போட்ட ஒன்றை நீ ஒருவன்தான் காகிதமாக மட்டும் பார்த்திருக்கிறாய்.

ஆனியில் இந்த அட்டை உன் கையில் இருந்தது. ஆடியில் அதே அம்மாள் கைரேகை வைத்ததாக அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டாய். உன் கையெழுத்தை எனக்குப் படிக்கத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான்.

வக்கீலம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. கூடுதல் பிரமாணப் பத்திரம் முப்பதாம் தேதி போட வேண்டும். அதற்கு முன்னால் நீயே வந்து, நடந்ததைச் சொல். நீயாகச் சொன்னால் ஒரு விதம். நான் சொன்னால் வேறு விதம்.

வேணி

*

மதுரை
23.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காலில் விழுந்து எழுதுகிறேன்.

அய்யா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே முப்பது வருஷம் ஓட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரை எனக்குத் தெரியும் என்று போடுவேன், ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அன்றைக்கும் அப்படித்தான். வேறு ஒரு கிழவியை ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்கள். தெரியாது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நாலெல்லையைப் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதிக் கொடுடா என்றார் அய்யா, கொடுத்தேன். உங்கள் வீடு வரை வராது, பிச்சமுத்து காகிதத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கோ கடன் வாங்கப் போகிறான் என்று சொன்னார்கள். அதற்கு எனக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அதன் பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல்தான் மதுரைக்கு வந்தேன்.

அக்கா, அந்த இரண்டு துண்டையும் நான் தெரிந்துதான் அனுப்பினேன். வாயால் சொல்ல முடியாததை அட்டையில் சொன்னேன். நீங்கள் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். இதை நம்புங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அச்சடித்த பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் போடுங்கள். உங்களுக்கு வந்த பத்திரிகை என்று சொல்லிவிடுங்கள். பின்பக்கம் என் கையெழுத்து யார் கண்ணிலும் பட வேண்டாம். அடையாளம் காட்டியவர் பெயர் புரியவில்லை என்றே இருக்கட்டும். ஆவணி வரைக்குமாவது. சம்பந்திக்குத் தெரிந்தால் சுபஸ்ரீ கதி என்ன? அவள் என்ன செய்தாள்?

நவநீதன்

*

எடமலைப்பட்டி புதூர்
14.7.2025

நவநீதனுக்கு,

வேணி எழுதுவது. உன் கடிதம் முப்பதாம் தேதிக்கு முன்பே வந்துவிட்டது. நீ வரவில்லை. நான் இருபத்தொன்பதாம் தேதி மாலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பஸ் ஸ்டாண்டே என் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் திறந்திருக்கிறார்கள்.

ஜெராக்ஸ் பற்றி வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அசல்தான் போடணும். ரெண்டு பக்கமும் கோர்ட் பார்க்கும். பின்பக்கம்தான் உங்களுக்கு முக்கியம், இது நேத்து அச்சடிச்சது இல்லேன்னு அதுதான் சொல்லும்" என்று எழுதிக் காட்டினார். அந்தத் துண்டில் நீ எழுதிய பட்டியலைக் கோர்ட்டில் படித்துப் பார்ப்பார்கள். கிரயப் பத்திர நகல், வீட்டு வரி ரசீது, மின்சாரக் கார்டு, குடும்ப அட்டை. ஒன்றையும் விடாமல் அக்கறையாகத்தான் எழுதியிருக்கிறாய்.

பிரமாணப் பத்திரத்தில் மோசடி என்ற வார்த்தையை எழுதியாயிற்று. யார், எந்தத் தேதி, எப்படி என்று மூன்றும் வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். தேதி அட்டையில் இருந்தது. எப்படி என்பது உன் கடிதத்தில் இருந்தது. அதையும் சேர்த்துக் கொடுத்தேன். யார் என்ற இடத்தில் பிச்சமுத்துவை எழுதிவிட்டு, அடையாளம் காட்டிய நபர் என்று மட்டும் போடலாமா, குடும்ப விஷயம் ஆயிற்றே என்று அந்த அம்மாவே கேட்டார். நான் யோசித்தேன். பெயர் இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று குறையும். என் வீட்டை நான் வேறு எந்த வழியிலும் காப்பாற்ற முடியாது. நாலாவது பாராவில் உன் பெயரும் அப்பா பெயரும் இருக்கின்றன. அப்பா பெயரை எழுதும்போதுதான் கை நின்றது.

தெரிந்துதான் அனுப்பினேன் என்கிறாய். நானும் அதை நம்பப் பார்த்தேன். மே மாதம் அந்த அட்டை உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா, உங்களிடமே இருக்கிறது, திருப்பிப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கிழித்துப் போட்டேன் என்று எழுதினாய். தெரிந்தா, தெரியாமலா என்று கூண்டில் கேட்பார்கள். எதைச் சொல்வதென்று நீயே முடிவு செய்துகொள். அடுத்த வாய்தா 28-ஆம் தேதி.

சுபஸ்ரீ என்ன செய்தாள் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் செய்யவில்லை. நானும் ஒன்றும் செய்யவில்லை, வாங்கிய இடத்தில் குடியிருந்ததைத் தவிர.

நேற்று அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் என் பெயரை அவளே எழுதியிருக்கிறாள். நல்ல கெட்டி அட்டை. மஞ்சள் தடவிய நாலு மூலையையும் பார்த்துவிட்டு, என்னை அறியாமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

கால் புண்ணைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

வேணி